சுரங்கக் குத்தகை மறுக்கப்பட்டால் நீதிமன்றம் எதைப் பார்க்கும்? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமாவும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு சிறிய செண்டிரியான் பெர்ஹாட் (தனியார்) கம்பெனி வைத்திருக்கிறார்கள். வடக்கே ஒரு மாநிலத்தில், ஒரு காலத்தில் ஈயலம்பமாக, அதாவது வெள்ளீயச் சுரங்கமாக இருந்து இப்போது குட்டையும் மணல்மேடுமாகக் கிடக்கும் நிலத்தில், மிச்சமிருக்கும் ஈயத்தை எடுக்கச் சுரங்கக் குத்தகைக்கு விண்ணப்பித்தார்கள். மறுக்கப்பட்டது. நீதிமன்றத்துக்குப் போனோம். முதல்முறை, எங்கள் நியாயத்தை யாரும் கேட்பதற்கு முன்பே வழக்கு முடிந்துபோனது. இரண்டாவது முறை ஜெயித்தோம். இரண்டு முறையும் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான்தான். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்த விவரங்களை யாராவது முதலிலேயே தமிழில் எழுதி வைத்திருந்தால் ஒரு வருடமும் நிறையப் பணமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் புரிவதற்கு வெகுநாள் ஆன ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலத்தில் எத்தனை டன் ஈயம் இருக்கிறது, உங்களிடம் எத்தனை எக்ஸ்கவேட்டர் இருக்கிறது, குத்தகைக்கு நீங்கள் தகுதியானவரா என்றெல்லாம் நீதிமன்றம் எடை போடாது. மாநில அரசு அந்த முடிவுக்கு எப்படி வந்தது என்பதைத்தான் பார்க்கும். யார் முடிவெடுத்தார்கள், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தாளைப் பார்த்து, உங்களிடம் கேட்டார்களா, அப்புறம் நீங்கள் எந்தத் தேதியில் நீதிமன்றம் வந்தீர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

1. எந்த உரிமத்துக்கான வழக்கு என்று முதலில் தெளிவாகுங்கள்

நிலம் உங்கள் பெயரில் இருந்தால் மண்ணுக்கடியில் இருப்பதும் உங்களுடையது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தேசிய நிலச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. குறிப்பாக யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படாத கனிமமும் பாறைப் பொருளும் மாநில அரசுக்கே சொந்தம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி சுரங்கக் குத்தகை மாநில விவகாரம். அதனால் விண்ணப்பம் மாநிலத்தின் கனிமச் சட்டத்தின் கீழ் நில, கனிம அலுவலகம் வழியாகப் போய், முடிவு மாநில ஆட்சிக்குழுவில் எடுக்கப்படும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு கூட்டரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவில் ஆள் தேடுவதில் பயனில்லை. 1994-ஆம் ஆண்டின் கனிம மேம்பாட்டுச் சட்டம் கூட்டரசுச் சட்டம்தான். ஆனால் அது தோண்டும் முறையைக் கவனிக்கும் சட்டம். குத்தகை கையில் இருந்தாலும், கனிம, புவி அறிவியல் துறையிடம் சுரங்க இயக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

மணல், கருங்கல், களிமண் போன்றவை வேறு வழி. அவை பாறைப் பொருள் கணக்கில் வரும். 4சி பாரம், நில அலுவலகப் பெர்மிட். ஈயம், இரும்பு, பாக்சைட், தங்கம் என்றால்தான் கனிமச் சட்டம். அதிலும் பஜாக்கான் மெலோம்போங் என்பது சுரங்கக் குத்தகை, லெசென் மெலோம்போங் துவான் புன்யா என்பது நில உரிமையாளர் தன் நிலத்திலேயே தோண்டுவதற்கான உரிமம். உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் வழக்கு. வழக்கறிஞரிடம் போகும்போது அந்தப் பக்கத்தைக் கையில் கொண்டுபோங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

2. விண்ணப்பம் போட்ட அன்றே கோப்பைத் தொடங்குங்கள்

இந்த வகை வழக்கில் பெரும்பாலும் சாட்சிக் கூண்டு கிடையாது. யாரும் உங்களைக் கூப்பிட்டு “நடந்ததைச் சொல்லுங்கள்” என்று கேட்க மாட்டார்கள். எல்லாம் சத்தியப் பிரமாண வாக்குமூலத்திலும் அதோடு இணைத்த தாள்களிலும்தான். தாளில் இல்லாதது நீதிபதிக்கு நடக்காதது மாதிரி.

எங்கள் கோப்பில் கடைசியில் உண்மையாகவே பயன்பட்டவை இவை: விண்ணப்பத்தின் முழு நகல், அதைக் கொடுத்த அன்று கவுண்டரில் வாங்கிய முத்திரை, கட்டண ரசீது, நிலத்தின் கிராந்தும் (உரிமைப் பத்திரம்) அண்மையில் எடுத்த உரிமைச் சான்றும், நில அளவையாளர் போட்ட வரைபடம், அலுவலகத்தோடு போன, வந்த ஒவ்வொரு கடிதமும் மின்னஞ்சலும், நேரில் போன நாள்களின் குறிப்பு. கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதி வைத்தேன். பதினோரு மாதம் கழித்து வாக்குமூலம் எழுத உட்கார்ந்தபோது அந்த நோட்டுதான் கை கொடுத்தது.

கம்பெனி பெயரில் விண்ணப்பித்திருந்தால் எஸ்எஸ்எம் (கம்பெனிகள் ஆணையம்) விவரத் தாளும், வழக்குத் தொடுக்கவும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவும் இன்னாருக்கு அதிகாரம் தருகிறோம் என்ற இயக்குநர்கள் தீர்மானமும் வேண்டும். மாமாவின் கூட்டாளி ஒருவர் அப்போது ஊருக்கு, புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். அவர் கையெழுத்துக்காக மட்டும் ஒன்பது நாள் போனது. தீர்மானத்தை முன்கூட்டியே போட்டு வைத்துவிடுங்கள்.

தமிழில் இருக்கும் தாள்கள் இருந்தால், எங்களுக்குத் தாத்தா காலத்துப் பங்கு ஒப்பந்தம் ஒன்று இருந்தது, அதைச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மலாய்மொழியில் மாற்ற வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் மனுவும் வாக்குமூலமும் மலாயில்தான் இருக்க வேண்டும். வேண்டுமானால் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்து வைக்கலாம்.

3. நிராகரிப்புக் கடிதம் வந்த நாள்: இங்கேதான் பெரும்பாலோர் தோற்கிறார்கள்

எங்களுக்கு வந்த முதல் கடிதம் நான்கு வரி. “டுக்காச்சித்தா டிமக்லும்கான்” (வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்) என்று தொடங்கி, “தீடாக் டிலுலுஸ்கான்” (ஒப்புதல் தரப்படவில்லை) என்று முடிந்துவிட்டது. காரணம் என்று ஒரு சொல் இல்லை. கடிதத்தின் தேதி மார்ச் 3. அது கம்பெனியின் பதிவு பெற்ற முகவரிக்குப் போனது. அந்த முகவரி எங்கள் கடை இல்லை, கம்பெனி செக்ரட்டரியின் அலுவலகம். மார்ச் 9 அன்று அங்கிருந்த பெண் கையெழுத்துப் போட்டு வாங்கி, எங்கள் கம்பெனிப் பெயர் எழுதிய தட்டில் வைத்துவிட்டார். அது எங்கள் கைக்கு வந்தது மார்ச் 28.

மாமா உடனே சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பார்த்தார். அவர் நல்ல மனதோடு ஓர் ஆதரவுக் கடிதம் கொடுத்தார். ஏப்ரலில் மறுபரிசீலனை கேட்டு ஒரு ராயுவான் கடிதம் கொடுத்தோம். “பேசிக்கொண்டிருக்கிறார்கள், பொறுங்கள்” என்று கவுண்டரில் சொன்னார்கள். பொறுத்தோம். ஜூலை நடுவில் பதில் வந்தது: முந்தைய முடிவில் மாற்றமில்லை. ஜூலையிலிருந்து மூன்று மாதம் இருக்கிறது என்று நாங்களே கணக்குப் போட்டு ஆகஸ்டில் மனு தாக்கல் செய்தோம்.

2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் 53-ஆவது ஆணை என்ன சொல்கிறது என்றால், நீதித்துறைச் சீராய்வு மனுவை, அதாவது அரசு முடிவெடுத்த முறையைச் சரிபார்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனுவை, தாமதமில்லாமல் போட வேண்டும். எப்படியிருந்தாலும், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து, அல்லது முடிவு உங்களுக்கு முதலில் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து, 3 மாதத்துக்குள் போட்டாக வேண்டும். “முதலில்” என்ற சொல்லில்தான் நாங்கள் விழுந்தோம். ஜூலைக் கடிதம் புதிய முடிவு இல்லை, பழைய முடிவை உறுதி செய்த பதில்தான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. கடிதம் தெரிவிக்கப்பட்ட நாள் மார்ச் 9. கெடு ஜூன் 9. நாங்கள் இரண்டு மாதம் தாமதம்.

கால நீட்டிப்புக் கேட்க விதியில் இடம் உண்டு. நல்ல காரணம் இருந்தால் நீதிமன்றம் தரலாம். ராயுவான் பதிலுக்காகக் காத்திருந்தோம் என்பதைத்தான் காரணமாகச் சொன்னோம். ஏற்கவில்லை. அன்று நீதிபதி எங்கள் வழக்கறிஞரிடம் நிலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டது தேதிகளை மட்டும். வெளியே வந்து மாமா கேட்டார், “அப்ப நம்ம நெலத்தப் பத்தி பேசவே இல்லையாம்மா?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: கடிதம் கைக்கு வந்ததும் உறையோடு சேர்த்துப் படம் எடுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள், அஞ்சல் முத்திரை அதில்தான் இருக்கிறது. பதிவு பெற்ற முகவரியில் அது பெறப்பட்ட தேதியைக் கடிதத்தின் மூலையில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த நாளிலிருந்து மூன்று மாதத்தை நாள்காட்டியில் குறியுங்கள், குறித்துவிட்டு அதில் ஒரு மாதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் உண்மையான கெடு. செக்ரட்டரி அலுவலகத்திடம், அரசு முத்திரையோடு எது வந்தாலும் அன்றே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் சொல்லி வையுங்கள்.

ராயுவான் கொடுக்கலாம், சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கலாம், மாநில முதல்வரான மந்திரி புசாருக்கு எழுதலாம். எதுவும் கடிகாரத்தை நிறுத்தாது. காரணம் கேட்டு உடனே ஒரு கடிதம் எழுதுங்கள், ஆனால் பதிலுக்காக நிற்காதீர்கள். அரசுக்கு எதிராக வழக்குப் போட 36 மாதம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். அது பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தில் வேறு வகை வழக்குகளுக்கு வரும் கணக்கு. சீராய்வுக்கு அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் போய்விடும்.

இன்னொன்று. இந்தக் கட்டத்தில்தான் “நான் முடித்துத் தருகிறேன்” என்று ரன்னர்கள் (இடைத்தரகர்கள்) வருவார்கள். ஒப்புதல் வாங்கித் தரப் பணம் கேட்பவரிடம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுக்காதீர்கள். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் கீழ் கொடுப்பவரும் குற்றவாளிதான்.

4. நீதிபதி எந்தக் கண்ணோடு பார்ப்பார்?

வழக்கறிஞர்கள் மூன்று கதவு என்று சொல்வார்கள். முடிவு சட்டத்துக்குப் புறம்பானதா, நடைமுறை தவறியதா, அறிவுள்ள எந்த அதிகாரியும் எடுக்க முடியாத முடிவா. 1984-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைத் தீர்ப்பு ஒன்றில் வகுக்கப்பட்ட இந்தப் பிரிவுகளை நம் நீதிமன்றங்களும் எடுத்தாளுகின்றன. உங்கள் குறை இந்த மூன்றில் ஒன்றுக்குள் நுழைய வேண்டும். “பக்கத்து நிலத்துக்காரனுக்குக் கொடுத்தார்கள், எனக்குத் தரவில்லை” என்ற வருத்தம் அப்படியே போனால் நுழையாது. ஒரே மாதிரி இரண்டு விண்ணப்பங்களை வேறுவேறு அளவுகோலால் பார்த்தார்கள் என்று தாளைக் காட்ட முடிந்தால் நுழையும்.

மாநில அரசின் விருப்பம்தானே, யார் கேட்க முடியும் என்று எங்கள் வீட்டிலேயே சொன்னார்கள். அதற்குப் பதில் கோலாலம்பூர் நிலம் ஒன்றைப் பற்றிய பழைய வழக்கில் இருக்கிறது. ஸ்ரீ லெம்பா என்ற கம்பெனி தன் நிலத்தைப் பிரிக்கவும் பயன்பாட்டை மாற்றவும் அனுமதி கேட்டது. நிரந்தர உரிமையுள்ள கிராந்தை ஒப்படைத்துவிட்டு 99 வருடக் குத்தகையாக வாங்கிக்கொண்டால் தருகிறோம் என்று நிபந்தனை போட்டார்கள். 1979-இல் சட்ட ஏடுகளில் வெளியான தீர்ப்பில் கூட்டரசு நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தள்ளியது. கட்டுப்பாடே இல்லாத விருப்புரிமை என்று ஒன்று கிடையாது, சட்டம் தரும் எந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று எழுதியவர் ராஜா அஸ்லான் ஷா. பின்னாளில் பேராக் சுல்தானாகவும் மாமன்னராகவும் இருந்தவர். நில விவகாரத்தில் அரசோடு மோதும் யாருக்கும் இந்தத் தீர்ப்புதான் காலடித் தரை. உங்கள் வழக்கறிஞர் இதைச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

சில வழக்குகளில் நீதிமன்றம் ஒருபடி மேலே போய், முடிவின் உள்ளடக்கத்தையும் புரட்டிப் பார்க்கும். ராமச்சந்திரன் என்ற ஊழியரின் வேலைநீக்க வழக்கில், 1997-இல் ஏடுகளில் வந்த கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு அந்த வழியைத் திறந்தது. ஆனால் எல்லா வழக்கிலும் அப்படி இல்லை, அரசின் கொள்கை, நாட்டு நலன் சார்ந்தவற்றில் கை வைக்க நீதிபதிகள் தயங்குவார்கள் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கனிமம் மாநிலத்தின் சொத்து, யாருக்குப் பங்கிடுவது என்பது கொள்கை முடிவு என்று அரசுத் தரப்பு கட்டாயம் வாதாடும். எங்கள் வழக்கிலும் முதல் பத்தி அதுதான். அதனால் “எங்களுக்குத்தான் தந்திருக்க வேண்டும்” என்று கேட்காமல், “முடிவெடுத்த முறை தவறு” என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

அண்மைய உதாரணம் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருக்கும் ரிம்பா கியாரா பூங்கா வழக்கு. அது சுரங்கம் பற்றியது இல்லை, பூங்கா நிலத்தில் மாடிக் கட்டடம் கட்டக் கொடுத்த அனுமதி பற்றியது. அங்கே நீண்டவீட்டில் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்த முன்னாள் தோட்டப் பாட்டாளிகள் நம்மவர்கள் என்பதால் பலருக்கு நினைவிருக்கும். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்றும், முடிவெடுத்தவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்றும் அதில் வந்தது. இரண்டு வகையில் இது உதவும். நான்கு வரிக் கடிதம் வந்த விண்ணப்பதாரருக்கு, காரணம் எங்கே என்று கேட்க. அதுபோலவே, தன் ஊருக்குப் பக்கத்தில் சுரங்கக் குத்தகை கொடுக்கப்பட்டதை எதிர்க்கும் குடியிருப்பாளருக்கு, எனக்கும் இதில் சம்பந்தம் உண்டு என்று நிற்க.

இரண்டாவது முறை நாங்கள் ஜெயித்தது எதனால் தெரியுமா? திருத்திய வரைபடத்தோடு புதிதாக விண்ணப்பித்தோம், மறுபடி மறுத்தார்கள். இம்முறை கடிதத்தில் காரணம் இருந்தது: நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வருகிறதாம். வழக்கு நடக்கும்போது அரசுத் தரப்பு வாக்குமூலத்தோடு தலப் பார்வை அறிக்கையை இணைத்திருந்தார்கள். ஓர் இரவு சமையலறை மேசையில் அதையும் எங்கள் கிராந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். லாட் எண்ணின், அதாவது நில எண்ணின், கடைசி இலக்கம் வேறு. எங்கள் நிலத்துக்கு மேற்கே, ஓடை ஓரமாக இருக்கும் நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கை அது. பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாததைப் பார்த்து முடிவெடுத்தார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வழக்கு அந்த ஓர் இலக்கத்தில் திரும்பியது. எதிர்த்தரப்பு இணைக்கும் ஒவ்வொரு தாளையும் நீங்களே படியுங்கள். வழக்கறிஞருக்கு உங்கள் நிலம் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

5. வழக்கறிஞர், எதிர்த்தரப்பு, எந்த ஊர் நீதிமன்றம்

கம்பெனி என்றால் வழக்கறிஞர் இல்லாமல் உயர்நீதிமன்றத்தில் நிற்க முடியாது, விதியே அப்படி. நில விற்பனை பார்ப்பவர் போதாது. “53-ஆவது ஆணையில் எத்தனை மனு நடத்தியிருக்கிறீர்கள்?” என்று நேராகக் கேளுங்கள். நாங்கள் முதலில் போனவர் நல்லவர், குடும்ப நண்பர், ஆனால் சொத்துப் பத்திரம் எழுதுபவர்.

யார் மீது வழக்கு என்பதில் கவனம் வேண்டும். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி முடிவெடுத்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆட்சிக்குழு எடுத்த முடிவை அவர் தெரிவிக்கிறார், அவ்வளவுதான். எங்கள் மனுவில் மாநில அரசு, மாநில ஆட்சிக்குழு, நில, கனிம இயக்குநர் மூவரையும் சேர்த்தார் இரண்டாவது வழக்கறிஞர். அதே நிலத்துக்கு வேறொருவருக்குக் குத்தகை கொடுக்கப்பட்டிருந்தால் அவரும் பாதிக்கப்படுபவர், அவருக்கும் மனு சேர வேண்டும்.

ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம் எங்களுக்குப் பக்கம், அங்கேயே போடலாம் என்றுதான் நினைத்தோம். முடிவெடுத்ததும் நிலமும் வேறு மாநிலம் என்பதால் அந்த மாநில உயர்நீதிமன்றத்தில்தான் போட்டோம். இங்கே போட்டுவிட்டு, இடம் சரியில்லை என்று மாற்றச் சொல்லி எதிர்த்தரப்பு மனுப் போட்டால் மாதங்கள் போகும். தாக்கல் எல்லாம் மின்னணு முறையில்தான். வழக்கு மேலாண்மைத் தேதிகள் பலவும் இணையம் வழியாக நடந்தன. நேரில் போனது மூன்று முறைதான்.

6. அனுமதி மனு

சீராய்வு இரண்டு கட்டம். முதலில் வழக்கு நடத்தவே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இதை எல்லாரும் லீவ் என்றுதான் சொல்கிறார்கள். மனுவோடு இரண்டு தாள்கள் போக வேண்டும். ஒன்று, நீங்கள் யார், என்ன நிவாரணம் கேட்கிறீர்கள், எந்தக் காரணங்களின் மேல் கேட்கிறீர்கள் என்ற அறிக்கை. இன்னொன்று, நடந்தவற்றை உறுதிப்படுத்தும் வாக்குமூலம். விசாரணைத் தேதிக்குக் குறைந்தது 3 நாளுக்கு முன்பு சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு அறிவிப்பும் நகல்களும் போய்ச் சேர வேண்டும். அவர்கள் இந்தக் கட்டத்திலேயே வந்து எதிர்க்கலாம்.

இங்கே தாண்ட வேண்டிய வேலி உயரமில்லை. வழக்கு வெறும் தொந்தரவுக்காகப் போட்டது இல்லை, வாதாடத் தக்க விஷயம் இருக்கிறது என்று காட்டினால் போதும். தகுதி விஷயத்தில், முடிவால் பாதிக்கப்பட்டவர் யாரும் மனுப் போடலாம் என்கிறது விதி. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தொடுத்த வழக்கில் 2014-இல் வந்த கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு, விவகாரத்தில் உண்மையான அக்கறை உள்ளவருக்கு இடம் தந்தது. விண்ணப்பதாரருக்கு இதில் சிக்கல் வராது. ஊர்மக்களாகப் போகிறவர்கள் தங்கள் வீடு, கிணறு, பாதை எப்படிப் பாதிக்கப்படும் என்பதைத் தாளோடு காட்ட வேண்டும்.

எதையும் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு முழுதாகக் களத்தில் இல்லாத கட்டம் என்பதால், உங்களுக்குப் பாதகமானதையும் நீங்களே சொல்லிவிட வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்க்கிறது. முதல் வழக்கில் தோற்றதை எங்கள் இரண்டாவது வாக்குமூலத்தின் ஆறாவது பத்தியிலேயே எழுதினோம். மாமாவுக்கு அதில் சம்மதமே இல்லை. வழக்கறிஞர் அம்மா அழுத்திச் சொன்னார்: “ஐயா, அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்.”

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுபவருக்கு மலாய் சரளமாக வராவிட்டால், சத்தியப் பிரமாண ஆணையர் முன்பு அது அவருக்குப் புரியும் மொழியில் படித்து விளக்கப்பட வேண்டும், விளக்கப்பட்டது என்ற குறிப்பும் கையெழுத்துப் பகுதியில் வர வேண்டும். வயதானவர்களை அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்காதீர்கள். ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லி, “சரிதானே மாமா?” என்று கேட்டபோது இரண்டு தேதிகளைத் திருத்தினார். இரண்டும் முக்கியமான தேதிகள்.

7. அனுமதி கிடைத்ததும் ஓய்ந்துவிடாதீர்கள்

அனுமதி கிடைத்த 14 நாளுக்குள் முழு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். சந்தோஷத்தில் இந்த இரண்டு வாரத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்படக்கூடிய எல்லாருக்கும் நகல் சேர்ப்பிக்க வேண்டும். அப்புறம் வாக்குமூலப் பரிமாற்றம், எழுத்து வாதம், கடைசியில் வாய் வாதம்.

அனுமதி கிடைத்தால் அரசின் முடிவு தானாக நின்றுவிடாது. அதே நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், தடை உத்தரவைத் தனியாகக் கேட்க வேண்டும். அனுமதி மனுவிலேயே சேர்த்துக் கேட்பது நல்லது. முதல் வழக்கில் நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

8. பணம்

இது எங்கள் கணக்கு மட்டும், உங்களுக்கு வேறாக இருக்கும். தோற்ற முதல் மனுவுக்கு வழக்கறிஞர் கட்டணம் 12,000 வெள்ளி, அதோடு எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகையாக 3,000 வெள்ளி கட்டச் சொன்னார்கள். இரண்டாவது வழக்கில் அனுமதிக் கட்டம் வரை 15,000, முழு விசாரணைக்கு 25,000. மொழிபெயர்ப்பு, ஆவண நகல், பயணம் எல்லாம் சேர்ந்து 4,000 தாண்டியது.

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுத்தில் வாங்குங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உட்பட்டதா இல்லையா என்பதையும் கேளுங்கள். சத்தியப் பிரமாண ஆணையருக்கு ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகக் கட்டணம். முதல் முறை 61 இணைப்புகள் வைத்திருந்தோம், பாதிக்கு மேல் தேவையே இல்லாதவை. இரண்டாவது முறை 22. நீதிபதிக்கும் படிக்க எளிது.

தோற்றால் செலவுத் தொகை கட்ட வேண்டிவரும் என்பதைக் கூட்டாளிகள் எல்லாரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். பணத்தால் மட்டும் இல்லை, சொல்லாமல் விட்டதால்தான் மாமாவுக்கும் ஒரு கூட்டாளிக்கும் இன்றுவரை பேச்சு குறைந்துபோயிருக்கிறது.

9. ஜெயித்தால் என்ன கிடைக்கும்

குத்தகை கிடைக்காது. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கிடைப்பது செர்ஷியோராரி என்ற உத்தரவு, அதாவது முடிவு ரத்து. அதோடு, விண்ணப்பத்தைச் சட்டப்படி மறுபடி பரிசீலிக்கச் சொல்லும் கட்டளை. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது, தாக்கல் செய்த நாளிலிருந்து 14 மாதம் கழித்து. அதே அலுவலகம், அதே ஆட்சிக்குழு, ஆனால் இம்முறை சரியான லாட் எண்ணோடு.

தோற்றவர் மேல்முறையீட்டு நீதிமன்றம் போக 30 நாள் இருக்கிறது, அரசுக்கும் அதே 30 நாள்தான். அது முடியும்வரை விண்ணப்பம் நகராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்தைச் சும்மா விடாமல், பழையதாகிப்போன தாள்களைப் புதுப்பியுங்கள்: புதிய உரிமைச் சான்று, எஸ்எஸ்எம் தாள், கம்பெனியிடம் பணம் இருக்கிறது என்பதற்கான வங்கிக் கடிதம். 31-ஆவது நாள் மேல்முறையீடு வரவில்லை என்று வழக்கறிஞர் உறுதி சொன்னதும், தீர்ப்பின் முத்திரை பதித்த நகலோடு ஒரு முகப்புக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கவுண்டரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நாங்கள் கொடுத்தோம். நோட்டுப் புத்தகத்தில் அந்தத் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மின்னஞ்சலில் நிலவரம் கேட்கிறோம், வரும் ஒவ்வொரு பதிலையும் அச்செடுத்துக் கோப்பில் சேர்க்கிறோம்.